மல்ஹாருக்கு ஆகாது

டாக்ஸி இன்னும் கிங்ஸ் சர்க்கிளைக்கூடத் தாண்டவில்லை, அதற்குள் மானசா தும்மிவிட்டாள்.

முன்சீட்டில் இருந்த ஜகந்நாதன் திரும்பிய வேகத்தில் அவர் கழுத்தில் ஏதோ ஒரு நரம்பு பிசகிக்கொண்டது.

"யாரு தும்மினது?"

பின்சீட்டில் இருந்ததே இரண்டு பேர்தான். மனைவி விஜயலக்ஷ்மி, மகள் மானசா. விஜயலக்ஷ்மி தும்மியிருந்தால் டாக்ஸிக்காரன் பிரேக் போட்டிருப்பான்.

"நான்தாம்பா," என்றாள் மானசா. மூக்கு நுனி சிவந்திருந்தது. "லேசா ஜலதோஷம்."

"இன்னிக்கா?"

"ஜலதோஷம் என்ன பஞ்சாங்கம் பாத்துண்டா வரும்?" என்றாள் விஜயலக்ஷ்மி. "ராத்திரியே தொண்டை கட்டிண்டிருந்தது. சொன்னா நீங்க குதிப்பேள்னுதான் சொல்லலை. ஒண்ணும் கவலைப்படாதீங்கோ, எல்லாம் கொண்டு வந்திருக்கேன்."

அவள் கைப்பையின் ஜிப்பைத் திறந்து காட்டினாள். தைலம், மூக்கில் வைத்து உறிஞ்சும் குச்சி, இருமல் சிரப், மாத்திரை அட்டை, சுக்குப் பொடி, ஃபிளாஸ்கில் காப்பி. கடத்தல் பெட்டியைத் திறந்த கஸ்டம்ஸ்காரர் மாதிரி ஜகந்நாதன் அதையே பார்த்தார்.

"மூடு. முதல்ல அதை மூடு! நீ என்ன காரியம் பண்ணியிருக்கேன்னு உனக்குப் புரியறதா? இந்தப் பை மல்ஹார் பக்கத்துல போகப்படாது."

"மல்ஹாருக்கு யாரு குடுக்கப் போறா? என் பொண்ணுக்குக் குடுக்கப் போறேன்."

"அந்தக் கையாலதானே அவ மல்ஹாரைத் தடவுவா?"

விஜயலக்ஷ்மி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். ஒரு மாதமாக இந்தப் பேச்சுதான்.

மல்ஹார் என்பது குதிரை. சவாரி கிளப்புக்குச் சொந்தமான பழுப்புக் குதிரை, நெற்றியில் வெள்ளைப் பட்டை. சின்ன வயதில் மானசா குதிரை ஏறப் போகிறேன் என்றபோது, "நம்ம குடும்பத்துல மிக்ஸியில இருக்கற ஹார்ஸ்பவர் தவிர வேற குதிரையே கிடையாது," என்று சிரித்தவர்தான் ஜகந்நாதன். மும்பை ஃபோர்ட்டில் ஒரு இன்ஷூரன்ஸ் ஆபீசில் ஆடிட்டர். மகளும் கணக்குப் படிப்பாள் என்று நினைத்திருந்தார். அவளோ தடை தாண்டும் போட்டிகளில் ஒவ்வொன்றாய் ஜெயித்துக்கொண்டே வந்து, இன்றைக்கு மாநில ஜூனியர் அணிக்கான தேர்வுப் போட்டியில் வந்து நின்றாள். அடுத்த வருஷம் வயது தாண்டிவிடும். இதை விட்டால் ஜூனியர் அணி கிடையாது.

போன மாதம் கிளப்பில் பெற்றோர்களைக் கூப்பிட்டு, போட்டிக் குதிரைகளுக்கு என்ன மருந்து கொடுக்கலாம், எதைக் கொடுக்கக் கூடாது என்று கோச் நஜிமுதீன் பேசினார். மற்ற பெற்றோர்கள் சமோசா தின்றுவிட்டுப் போனார்கள். ஜகந்நாதன் மட்டும் அந்த விதிகள் முழுவதையும் கேட்டு வாங்கி, மாட்டுங்கா ஸ்டேஷன் எதிரில் பிரிண்ட் எடுத்து, சுருள் கம்பி போட்டு பைண்ட் செய்துகொண்டு வந்தார். ஆபீஸ் கணக்கைப் படிப்பதுபோல் பென்சிலோடு படித்தார். படிக்கப் படிக்க அவருக்குத் தூக்கம் போயிற்று.

யார் கொடுத்தார்கள், தெரிந்து கொடுத்தார்களா, தெரியாமல் கொடுத்தார்களா என்ற கேள்வியே அதில் இல்லை. குதிரை உடம்பில் இருந்ததா? போச்சு. பதக்கம் போச்சு, அணியும் போச்சு. ஏதோ ஒரு ஊரில் குதிரையைப் பார்த்துக்கொள்கிறவன் தன் முதுகுக்குத் தைலம் தேய்த்துக்கொண்டு கையைக் கழுவாமல் புல் போட்டானாம். குதிரை அந்தக் கையை நக்கியதாம். அவ்வளவுதான், ஜெயித்த கோப்பையைத் திருப்பிக் கொடுத்தார்களாம்.

அதைவிடப் பயங்கரம், ஆகாத பொருள்களின் பெயர்கள். காப்பியில் இருப்பது ஆகாது. சாக்லேட்டில் இருப்பது ஆகாது. கசகசாவில் இருப்பது ஆகாது. கற்பூரம், மிளகாய்க் காரம், ஒன்றும் ஆகாது. தன் வீட்டுச் சமையலறையே ஒரு குற்றம் நடந்த இடம் என்று ஜகந்நாதனுக்குத் தோன்றிவிட்டது. அன்றிலிருந்து குருமாவில் கசகசா நின்றது. லாயத்துக்குப் போகிற நாளில் மானசாவுக்குக் காப்பி நின்றது.

"குதிரைக்கு ஆகாதது எதுவும் இந்த ஆத்துல கூடாதுன்னா சொல்லிடுங்கோ," என்றாள் விஜயலக்ஷ்மி. "நாளையிலேர்ந்து எல்லாருக்குமா கொள்ளும் புல்லும் வச்சுடறேன்."

கிளப் வாசலில் டாக்ஸி நின்றதும் ஜகந்நாதன் ஏற்பாட்டை அறிவித்தார். கைப்பை உள்ளே வரக் கூடாது. ஆகவே கைப்பையை வைத்திருக்கிறவளும் உள்ளே வரக் கூடாது. கேட்டுக்கு வெளியே டீக்கடை பெஞ்சில் விஜயலக்ஷ்மி உட்கார வேண்டும். மானசாவுக்கு மருந்து வேண்டுமானால் வெளியே வந்து சாப்பிட்டு, முழங்கை வரை சோப்புப் போட்டுக் கழுவி, வாய் கொப்பளித்துவிட்டு உள்ளே போக வேண்டும்.

"என் பொண்ணு ஜெயிக்கறதைப் பாக்கறதுக்குன்னு பட்டுப் புடவை கட்டிண்டு வந்திருக்கேன்," என்றாள் விஜயலக்ஷ்மி. "டீக்கடையில உக்காரவா?"

"அவ ஜெயிக்கணும்னுதான் உக்காரச் சொல்றேன்."

விஜயலக்ஷ்மி பெஞ்சைப் பார்த்தாள். ஒரு நாய் தள்ளிப் படுத்து இடம் கொடுத்தது. மானசா அங்கேயே ஒரு ஜலதோஷ மாத்திரையைப் போட்டுக்கொண்டு, டீக்கடைக்காரரின் குடத்துத் தண்ணீரில் கையைக் கழுவினாள். ஜகந்நாதன் விரல் இடுக்குகளைச் சரிபார்த்தார். பிரச்சினை அத்தோடு தீர்ந்தது என்று நினைத்து லாயத்துக்கு நடந்தார்.

லாயத்தில் பேச்சிராஜா மல்ஹாரின் பிடரியைச் சீவிக்கொண்டிருந்தான். மல்ஹாரைப் பார்த்துக்கொள்ளும் சயீஸ் அவன்தான். திருநெல்வேலிப் பக்கத்துக்காரன், தாராவியில் குடியிருப்பு.

"பேச்சிராஜா, வாயைத் திற."

"ஒண்ணும் இல்ல சார். வெறும் சீரகம்."

"துப்பு."

பேச்சிராஜா வெளியே போய்த் துப்பிவிட்டு வந்தான். "என்ன சார் இது? பீடிய விட்டாச்சு, வெத்தலய விட்டாச்சு. டீயக்கூட ரோட்டுல நின்னு குடிச்சிட்டு வாயக் கொப்புளிச்சிட்டுல்லா வாரேன். முதுகு வலிச்சாத் தைலம் கெடையாது. எம் பொண்டாட்டி கேக்கா, எவளுக்காக இப்படித் திருந்திட்டியன்னு. குதிரைக்காகன்னு சொன்னா நம்புதாளா?"

"ஒரு நாள்தான். இன்னிக்கு ஒரு நாள் பொறுத்துக்கோ."

"ஒரு மாசமா இதத்தான் சொல்லுதிய."

மல்ஹாருக்கு ஒரு பழக்கம் உண்டு. எதையும் நக்கிப் பார்த்துத்தான் அது புரிந்துகொள்ளும். கை, சட்டை, மொபைல் போன், கோச்சின் வழுக்கைத் தலை, எதுவானாலும் ஒரு நக்கு. போட்டி என்று வந்தால் கட்டாயம் அணியில் எடுக்க வேண்டிய குதிரை, ஆனால் அந்த நாக்கை மட்டும் கட்டிப்போட ஒரு விதியும் இல்லை என்று ஜகந்நாதன் அடிக்கடி புலம்புவார்.

மானசா சேணத்தைத் தூக்கிக்கொண்டு வந்தாள். கழுத்தில் புதிதாக ஒரு கைக்குட்டை.

"அது என்ன?" என்றார் ஜகந்நாதன்.

"அம்மா கட்டிவிட்டா."

"எதுக்கு?"

காற்று அந்தப் பக்கமிருந்து வீசியது. பதில் தேவைப்படவில்லை. மகளின் கழுத்தில், நெற்றியில், காது பின்னால், பெற்ற பாசம் அத்தனையும் தைலமாகப் பளபளத்தது. மல்ஹாரின் மூக்குத் துவாரங்கள் விரிந்தன. கழுத்தை நீட்டி, நாக்கை நீட்டி, கைக்குட்டையின் நுனியை எட்டியது.

ஜகந்நாதன் பாய்ந்தார். அவர் ஆயுளில் பஸ்ஸுக்காகக்கூட அப்படிப் பாய்ந்ததில்லை. நாக்குக்கும் துணிக்கும் நடுவில் கையை விட்டு, கைக்குட்டையை உருவிக்கொண்டு, அதே வேகத்தில் ஈர வைக்கோலில் குப்புற விழுந்தார்.

"படலை!" என்று கீழேயிருந்து கத்தினார். "நாக்கு படலை! நான் பாத்தேன்!"

எழுந்து மல்ஹாரிடம் வந்தபோது பேச்சிராஜா குதிரையைப் பின்னால் இழுத்தான்.

"சார், அங்ஙனயே நில்லுங்க! கிட்ட வராதிய! இப்ப ஒங்க மேலதான் தைலம் இருக்கு!"

ஜகந்நாதன் தன் கையைப் பார்த்தார். கைக்குட்டையில் ஊறியிருந்த தைலம் முழுவதும் உள்ளங்கையிலும் சட்டையிலும் இருந்தது. ஒரு மாதமாக அவர் யாரிடமிருந்து மல்ஹாரைக் காப்பாற்றிவந்தாரோ அந்த ஆள் இப்போது அவரேதான். குதிரைகளைக் குளிப்பாட்டும் தொட்டியருகே போய், குதிரைகளுக்குப் பிடிக்கிற குழாயையே பேச்சிராஜா அவர் தலைக்கு மேல் பிடிக்க, பேண்ட்டோடு நின்று குளித்தார். மாற்றுத் துணி ஏது? பேச்சிராஜா தன் பழைய டிராக் பேண்ட்டையும், முன்பக்கம் ஏதோ சிமெண்ட் விளம்பரம் போட்ட பனியனையும் கொடுத்தான்.

மானசாவும் கழுவிக்கொள்ள வேண்டியிருந்தது. தைலம் சும்மா போகுமா? ஜகந்நாதன் தூரத்தில் நின்றபடி, "இன்னும் தேய், காது பின்னால, கூந்தல் அடியில," என்று சொல்லிக்கொண்டே இருந்தார். பச்சைத் தண்ணீர். வெளியே வந்தபோது அவள் மூக்கு முழுதாக அடைத்துக்கொண்டிருந்தது.

"அப்பா, பூச்சு விட புடியலை."

"என்ன?"

"பூச்சு! பூக்கால பூச்சு விட புடியலை!"

"சார், பாப்பா மூச்சு விட முடியலங்குது," என்றான் பேச்சிராஜா.

"எனக்குப் புரியறது!" என்று சீறினார் ஜகந்நாதன். கழுத்து வேறு வலித்தது. தைலம் தேய்த்துக்கொள்ள முடியாத வலி, எனவே இருமடங்கு வலி.

கேட்டுக்கு வெளியே வந்து விஜயலக்ஷ்மியைப் பிடித்தார். "யாரு உன்னைத் தைலம் தேய்க்கச் சொன்னது?"

விஜயலக்ஷ்மி அவரை மேலும் கீழும் பார்த்தாள். "யாரு உங்களை இந்த வேஷம் போடச் சொன்னது?"

"விஜி, என் பொறுமையைச் சோதிக்காதே."

"குழந்தைக்குத் தொண்டை அடைச்சுண்டிருக்கு. தாயார் தைலம் தேய்ப்பா. இதுக்கு எந்தப் புஸ்தகத்துல தடை?"

"மல்ஹார் நக்கியிருந்தா?"

"மல்ஹாருக்கு ஜலதோஷம் வராம இருந்திருக்கும்!"

இனிமேல் உடம்புக்கு வெளியே எந்த மருந்தும் இல்லை, எல்லாம் உள்ளே போக வேண்டும் என்று ஜகந்நாதன் முடிவு செய்தார். வயிற்றுக்குள் போய்விட்டால் குதிரையின் நாக்கு எட்டாது. இந்த எளிமையான உண்மை தனக்கு முன்னாலேயே ஏன் தோன்றவில்லை என்று நொந்துகொண்டு, சாலையைக் கடந்து மருந்துக் கடைக்குப் போனார்.

"யாருக்கு சாப்?" என்று இந்தியில் கேட்டான் கடைக்காரன்.

"குதிரைக்கு இல்லை!"

கடைக்காரன் ஒரு அடி பின்வாங்கினான். "நான் குதிரைன்னு சொல்லவே இல்லையே."

"பொண்ணுக்கு. மூக்கு உடனே திறக்கணும். இருக்கறதுலயே ஸ்ட்ராங்கா எது இருக்கோ அதைக் குடுங்க. தும்மலும் வரக்கூடாது. அவ குதிரை மேல ஏறணும்."

கடைக்காரன் ஒரு மாத்திரை அட்டையையும் ஒரு சிரப் பாட்டிலையும் எடுத்து வைத்தான்.

"இதுல தூக்கம் வருமா?"

"சிரப்புல தூக்கம் வரும். மாத்திரையில தூக்கம் போயிடும். ரெண்டும் சேத்துக் குடுங்க, கணக்கு சரியாயிடும்."

ஆடிட்டருக்கு அந்தப் பதில் பிடித்திருந்தது. டீக்கடை பெஞ்சில் மானசாவை உட்காரவைத்து, தன் கையாலேயே மாத்திரையைப் போட்டு, சிரப்பை மூடியில் ஊற்றிக் கொடுத்தார்.

"இவ்வளவு சாப்பிடலாமாப்பா?"

"நீ சாப்பிடலாம். மல்ஹார்தான் சாப்பிடப்படாது."

மூக்கு திறந்தது. ஆனால் மாத்திரை வேலை செய்யுமுன் சிரப் முந்திக்கொண்டது. பயிற்சி மைதானத்தில் மல்ஹார் நிதானமாக ஒரு வட்டம், இரண்டாவது வட்டம் சுற்றியது. மூன்றாவதில் மானசாவின் தலை ஆடியது. தடையை நெருங்கிய மல்ஹார், மேலிருந்து எந்த உத்தரவும் வராததைக் கண்டு, தானாகவே நின்று திரும்பிப் பார்த்து, அவள் முழங்காலை ஒரு நக்கு நக்கியது.

"அரே மானசா!" என்று கோச் நஜிமுதீன் மைதானத்தின் அந்தக் கோடியிலிருந்து கத்தினார். "தூங்கறியா? குதிரை மேலயா தூங்கறே? எறங்கு! போய் மூஞ்சியக் கழுவிட்டு வா!"

மறுபடியும் தண்ணீரா? ஜகந்நாதன் பதறிப்போய், மகளைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு கேட்டுக்கு ஓடினார்.

"விஜி, காப்பி!"

விஜயலக்ஷ்மி ஃபிளாஸ்கைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள். "காப்பியில இருக்கறது ஆகாதுன்னேளே?"

"குதிரைக்கு ஆகாது. இவளுக்கு ஆகும். ஊத்து, ஊத்து."

"ஒரு மாசமா என் பொண்ணுக்குக் காப்பியை நிறுத்திட்டு, இன்னிக்கு ஊத்து ஊத்துங்கறேள். உங்களுக்குக் குதிரை ஜாதகம் எழுதறதுக்கே நேரம் சரியா இருக்கு."

மானசா டிகாக்‌ஷனைக் கசக்கக் கசக்கக் குடித்தாள். கண் திறந்தது. அப்போதைக்குத் திறந்த கண் மறுபடி மூடக் கூடாதென்று, தூக்கத்தை விரட்டும் அந்த மாத்திரையில் இன்னொன்றும் உள்ளே போயிற்று.

அவர்கள் உள்ளே நுழைந்தபோது கோச் எதிரே வந்தார். ஜகந்நாதனின் பனியனை ஒரு முறை பார்த்துவிட்டு, கேட்பது மரியாதை இல்லை என்று விட்டுவிட்டார்.

"சார், ஒரு விஷயம். மருந்துச் சோதனைக்குச் சாம்பிள் எடுக்கறவங்க வந்திருக்காங்க. ஆபீஸ் ரூம்ல உக்காந்திருக்காங்க. நம்மகிட்ட ஒண்ணும் பயமில்லையே?"

"பயமா? எனக்கா?" என்றார் ஜகந்நாதன். அவர் குரல் ஒரு கட்டை ஏறியிருந்தது.

கோச் வேறு பிள்ளைகளைப் பார்க்கப் போனதும் ஜகந்நாதன் போர்க்கால ஏற்பாடுகளில் இறங்கினார். பேச்சிராஜாவின் இரண்டு கைகளுக்கும் பிளாஸ்டிக் பை மாட்டி ரப்பர் பேண்ட் போட்டார். மானசாவுக்குச் சவாரிக் கையுறைக்கு மேல் இன்னொரு ஜோடி கையுறை. முகத்தில் மாஸ்க்.

"மாஸ்க் எதுக்குப்பா?"

"நீ மல்ஹார் மேல தும்மினா?"

"தும்மல்ல மருந்து போகுமா?"

"போகாதுன்னு எங்கேயும் எழுதலை."

மாஸ்க் போட்டதும் அவளுக்கு மறுபடி மூச்சு முட்டியது. மாஸ்க்கைக் கழற்றலாம் என்றால் தும்மல் பயம். தும்மலை நிறுத்தலாம் என்றால் மருந்துதான். மறுபடி கேட்டுக்கு ஓட்டம். மறுபடி சோப்பு. டீக்கடைக்காரர் இப்போது கேட்காமலே குடத்தைச் சாய்த்தார். மாத்திரையும் போதாதென்று மூக்கில் உறிஞ்சும் குச்சியை எடுத்து மானசா ஆழமாக இழுத்தாள்.

"அது நம்ம பையில வேண்டாம், உன் பாக்கெட்ல வேண்டாம்," என்று ஜகந்நாதன் குச்சியைப் பிடுங்கி நாய்க்கு எட்டாத உயரத்தில் டீக்கடைக் கூரையில் செருகினார்.

விஜயலக்ஷ்மிக்குப் பொறுக்கவில்லை. "ஏன்னா, நான் ஒண்ணு கேக்கறேன். பெத்த பொண்ணுக்கு உடம்பு சரியில்லை. காலமேலேர்ந்து ஒரு தடவையாவது அவ நெத்தியைத் தொட்டுப் பாத்தேளா? மல்ஹாருக்கு ஆகுமா, மல்ஹாருக்கு ஆகாதா, இதே பாராயணம்!"

"மல்ஹார் நன்னா இருந்தாத்தான் இவ நன்னா இருப்பா."

"இவ நன்னா இல்லாம மல்ஹார் தனியாப் போய்ப் பதக்கம் வாங்கிண்டு வருமா?"

ஜகந்நாதன் மெல்லத் திரும்பினார். மகளைப் பார்த்தார். கன்னம் சிவந்து, கண் அகல விரிந்து, ஒரு காலிலிருந்து இன்னொரு காலுக்கு மாறி மாறி நின்றுகொண்டிருந்தாள். நெற்றியில் கை வைத்தார். பிறகு வழக்கம்போல் அந்தக் கையைத் தன் பனியனில் துடைத்துக்கொண்டார்.

"முடியலைன்னா வேண்டாம் மானு," என்றார். அவர் அதைச் சொன்னதில் அவருக்கே ஆச்சரியம். "அடுத்த வருஷம் பெரியவா போட்டியில பாத்துக்கலாம்."

"பாகல் ஹோ க்யா அப்பா? பைத்தியமா உங்களுக்கு?" என்றாள் மானசா. "இத்தனை வருஷம் நான் எதுக்கு விழுந்தேன், எழுந்தேன்? நான் போறேன்."

அவள் போனாள். மல்ஹாரின் மேல் ஏறியதும் எப்போதும் வரும் அந்த நேரான முதுகு வந்தது. பெயரை ஒலிபெருக்கியில் தப்பும் தவறுமாக அழைத்தார்கள். ஜகந்நாதன் வேலிக் கம்பியைப் பிடித்துக்கொண்டார். விதியாவது ஒன்றாவது என்று விஜயலக்ஷ்மி பையை டீக்கடையில் ஒப்படைத்துவிட்டு உள்ளே வந்து பக்கத்தில் நின்றாள். அவளைத் தடுக்க அவருக்குத் தோன்றவில்லை.

முதல் தடை. மல்ஹார் எழும்பியது. இறங்கியது. இரட்டைத் தடை. எழும்பியது, மறுபடி எழும்பியது. தண்ணீர்ப் பள்ளத்தருகே பின்னங்கால் கட்டையை உரசிய சத்தம் கேட்டது. கட்டை ஆடியது. விஜயலக்ஷ்மி கணவனின் கையைக் கிள்ளினாள். கட்டை விழவில்லை. கடைசித் திருப்பத்தில் மானசா யாரும் எதிர்பார்க்காத இடத்தில் குறுக்கே வெட்டினாள். கோச் தலையில் கை வைத்தார். மல்ஹார் அவள் சொன்னதைக் கேட்டது. கடைசித் தடையைத் தாண்டியபோது இரண்டு பேருக்கும் இடையில் ஒரு மூச்சுதான் ஓடுவதுபோல் இருந்தது.

ஒரு கட்டைகூட விழவில்லை. அவளை விட வேகமாக வந்தவர்களும் யாரும் இல்லை.

மானசா குதிரையிலிருந்து இறங்கி மாஸ்க்கைக் கிழித்தெறிந்துவிட்டு மல்ஹாரின் கழுத்தைக் கட்டிக்கொண்டு அழுதாள். பேச்சிராஜா பிளாஸ்டிக் பை மாட்டிய கைகளைத் தட்டினான், சரசரவென்று சத்தம் வந்தது. நஜிமுதீன் ஓடிவந்து ஜகந்நாதனின் முதுகில் ஓங்கி ஒரு அடி அடித்தார். காலையில் பிசகிய கழுத்து நரம்பு அந்த அடியில் சரியாகிவிட்டது.

"டீம்ல வந்துட்டா சார்! வந்துட்டா!"

ஜகந்நாதன் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அப்போதும், "மானு, கண்ணீர் மல்ஹார் வாயில படப்போறது," என்று ஒரு வார்த்தை சொல்லத்தான் சொன்னார்.

அந்த நேரத்தில்தான் ஆபீஸ் அறைப் பக்கமிருந்து ஒரு பெண் வந்தாள். கழுத்தில் அடையாள அட்டை, கையில் பெட்டி. கூட இன்னொரு ஆள். நேராக மானசாவையும் மல்ஹாரையும் பார்த்து வந்தார்கள். மற்ற பெற்றோர்கள் ஒதுங்கி நின்றார்கள். அவர்கள் முகத்தில் ஒரு பயம் தெரிந்தது. ஜகந்நாதனுக்கு அது காதில் சங்கீதம் விழுந்தது மாதிரி இருந்தது.

"சாம்பிள் எடுக்கணும்," என்றாள் அந்தப் பெண் ஆங்கிலத்தில். "நான் வந்தனா."

"ப்ளீஸ், ப்ளீஸ், மேடம்," என்று ஜகந்நாதன் முன்னால் வந்தார். அவசரத்தில் ஆங்கிலம் தடுக்கியது, இந்தி தடுக்கியது. "விஜி, இவாளுக்கு எப்படிச் சொல்றது?"

"தமிழ்லயே சொல்லுங்கோ மாமா," என்றாள் வந்தனா. "எங்காத்துலயும் தமிழ்தான். செம்பூர்."

ஜகந்நாதனின் முகம் மலர்ந்தது. ஒரு மாதமாகக் கட்டிவைத்திருந்த மடை உடைந்தது.

"தாராளமா எடுத்துக்கோம்மா! ரத்தம் வேணுமா, மூத்திரம் வேணுமா, எது வேணும்னாலும் எடுத்துக்கோ. இந்தக் குதிரை உடம்புல ஒரு சொட்டு மருந்து இருந்தா என் பேரை மாத்திக்கறேன். நான் விதியெல்லாம் வரிக்கு வரி படிச்சிருக்கேன். இவளுக்குக் காலமேலேர்ந்து பிடிச்ச ஜலதோஷம். மூக்கு மாத்திரை போட்டா, அப்புறம் கடையிலேர்ந்து இருக்கறதுலயே ஸ்ட்ராங்கானதை வாங்கிண்டு வந்தேன், அதுவும் போட்டா, ஒண்ணு இல்லை, மூணோ நாலோ. சிரப் குடிச்சா. குச்சியை உறிஞ்சினா. ஃபிளாஸ்க் காப்பி மொத்தமும் குடிச்சா. ஆனா இதுல ஒரு கடுகளவு மல்ஹார்கிட்டப் போயிருக்கா? கேளு, இந்தப் பேச்சிராஜாவைக் கேளு. அத்தனை மருந்தையும் இவ வயித்துக்குள்ளயே வச்சுப் பூட்டிட்டேன்!"

வந்தனா கையிலிருந்த பெட்டியைக் கீழே வைத்தாள். கூட வந்த ஆள் அவளைப் பார்த்தான். கோச் நஜிமுதீனின் சிரிப்பு எங்கேயோ போய்விட்டது.

"பேச்சிராஜா, மல்ஹாரைக் கொண்டு வா," என்று ஜகந்நாதன் உற்சாகமாகக் கத்தினார். "விசிலடி!"

குதிரை மூத்திரம் பெய்ய விசிலடித்துப் பழக்கியிருந்தார்கள். பேச்சிராஜா வைக்கோல் மேல் மல்ஹாரை நிறுத்தி, உதட்டைக் குவித்து மெதுவாக விசிலடித்தான். மல்ஹார் கால்களை அகட்டி நின்றது.

வந்தனா கையை உயர்த்தி அவனை நிறுத்தச் சொன்னாள். பிறகு மானசாவின் தோளில் மெல்லக் கை வைத்தாள்.

"குதிரை இருக்கட்டும் மாமா. இன்னிக்கு நாங்க சாம்பிள் எடுக்க வந்தது, மேல உக்காந்து ஓட்டின குழந்தைகள்கிட்ட."